வீட்டு ரவுட்டரில் வி.பி.என்.: எந்தப் பக்கம் திறக்கும் கதவு?

வங்கிப் பணியில் இடமாற்றம் என்பது மழையைப் போன்றது. வரும் என்று தெரியும், எந்த நாள் என்றுதான் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தபோது, மும்பை செம்பூர் வீட்டில் என் தந்தையார் தனியே இருக்க நேர்ந்தது. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியம், வைப்புத்தொகை, வரி, மின்கட்டணம் அனைத்தையும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்பவர். வாசலில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாக இரண்டு கேமராக்கள் பொருத்தினோம். அவற்றை நாக்பூரிலிருந்து நான் பார்க்க வேண்டும்; வேறு எவரும் பார்க்கக் கூடாது. வி.பி.என். அமைத்தால் எல்லாம் பத்திரமாகிவிடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். விடுமுறையில் வந்தபோது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, வீட்டு ரவுட்டரிலேயே அதை அமைத்துவிட்டு, பெரிய காரியம் முடித்த நிறைவோடு ரயிலேறினேன்.

ஜூலை 31 அன்று காலையில் தந்தையாரிடமிருந்து அழைப்பு வந்தது. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய அன்றே கடைசி நாள். மீதி வரியையும் அன்றைக்குள் கட்டியாக வேண்டும்.

"ஏம்மா, உங்க பேங்க் என்னை உள்ளேயே விடமாட்டேங்குது. வழக்கமில்லாத இடத்திலிருந்து வரீங்கன்னு சொல்லிக் கணக்கை நிறுத்தி வெச்சிருக்கு. நான் கூடத்து நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கேன்?"

அவர் கூடத்தில்தான் இருந்தார். ஆனால் வங்கியின் கணினிக்குத் தெரிந்த வரையில் ஆம்ஸ்டர்டாமில் இருந்தார். வீட்டின் இணையப் போக்கு முழுவதையும் அங்குள்ள ஒரு சர்வர் வழியாகத் திருப்பி விட்டிருந்தவள் நான். வெயிலில் ஆட்டோ பிடித்துக் கிளைக்குச் சென்று, அடையாள அட்டை காட்டி, செலானை அங்கேயே கட்டினார். படிவத்தை அன்றிரவு நான் பதிவேற்றினேன். வங்கி செய்ததில் பிழை எதுவும் இல்லை. எழுபது வயதைக் கடந்தவரின் கணக்கு திடீரென ஒரு வெளிநாட்டு முகவரியிலிருந்து திறக்கப்பட்டால் நிறுத்தி விசாரிப்பதுதான் அதன் கடமை. பிழை என்னுடையது. இதில் வேடிக்கை, நான் அமைத்த வி.பி.என்.னால் நாக்பூரிலிருந்து கேமராவைப் பார்க்கவும் முடியவில்லை.

எங்கே தவறினேன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. வாசகர்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டியதில்லை.

ஒரே பெயர், இரண்டு வேலைகள்

வி.பி.என். என்பது இணையத்தின் ஊடே இரண்டு இடங்களை இணைக்கும் மறைவான சுரங்கப்பாதை. உள்ளே செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், இடையில் இருப்பவர்களுக்கு ஏதோ செல்கிறது என்பது தெரியும். இன்னது என்று தெரியாது. இதுவரை குழப்பம் இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால்தான் 'வி.பி.என். கிளையன்ட்', 'வி.பி.என். சர்வர்' என இரண்டு பகுதிகள் கண்ணில் படும். இரண்டும் ஒரே சுரங்கம்தான். ஆனால் கதவு திறக்கும் திசை வேறு.

கிளையன்ட் என்பது வீட்டிலிருந்து வெளியே செல்லும் வழி. வீட்டிலுள்ள அனைவரின் போக்கும் வேறொருவரின் சர்வருக்குச் சென்று, அங்கிருந்து அவருடைய முகவரியோடு இணையத்தில் நுழைகிறது. விளம்பரங்களில் விற்கப்படும் சந்தா வி.பி.என். பெரும்பாலும் இதுவே. சர்வர் என்பது வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் வழி. வெளியூரில் இருக்கும் உங்கள் கைப்பேசி உங்கள் வீட்டு ரவுட்டருக்குச் சுரங்கம் அமைத்து, வீட்டுக்குள்ளேயே இருப்பதுபோல் செயல்படும். இதற்குச் சந்தா இல்லை, மூன்றாம் நபர் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. நான் காசு கொடுத்து வாங்கியது முதலாவது.

முதலாவது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் வங்கிப் பணிக்கு அது பாதுகாப்புச் சேர்க்கும் என்ற எண்ணம் பெரும்பாலும் பிரமை. வங்கியின் இணையதளத்துக்கும் உங்கள் கைப்பேசிக்கும் இடையிலான தரவு ஏற்கெனவே மறையாக்கத்தில்தான் செல்கிறது. முகவரிக்கு முன்னால் வரும் பூட்டுக் குறியின் பொருள் அதுவே. சந்தா வி.பி.என். செய்வதெல்லாம், நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குச் செல்கிறீர்கள் என்பதை இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்து, வி.பி.என். நிறுவனத்திடம் காட்டுவது. தபால்காரரை நம்பாமல் தனியார் கூரியரிடம் கடிதங்களைக் கொடுப்பதுபோல. கூரியர் யார் என்று தெரிந்தால்தான் அது முன்னேற்றம்.

கூரியர் யார் என்று தெரியாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலையமைப்பை முடக்கியது. இலவச வி.பி.என். செயலிகள் சிலவற்றை நிறுவியவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலேயே அந்த வலையமைப்பின் உறுப்புகளாகியிருந்தன. 1 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்ட ஐ.பி. முகவரிகள், ஏறத்தாழ 200 நாடுகளில். மோசடிக்காரர்கள் காசு கொடுத்து அந்த முகவரிகளின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். தம் முகவரியை மறைக்க விரும்பி இலவசச் செயலியை நிறுவியவர்கள், மற்றவர் மறைந்துகொள்ளத் தம் முகவரியைக் கொடுத்திருந்தார்கள்.

இந்தியாவிலேயே உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீருமே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அதன்பின் பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் சில இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிவிட்டு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருந்துகொண்டே இந்திய முகவரிகளை வழங்கலாயின. பட்டியலில் 'இந்தியா' என்றிருப்பது இந்தியாவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தவிரவும், ஒரே முகவரியை முன்பின் அறியாத பலர் பகிர்கிறார்கள். அவர்களில் ஒருவர் செய்த காரியத்துக்காக அம்முகவரி முழுவதுமே சந்தேகப் பட்டியலில் ஏறியிருக்கக் கூடும்.

எனவே, தொலைக்காட்சிக்கோ வேறு ஏதேனும் பணிக்கோ ரவுட்டரில் சந்தா வி.பி.என். வைத்துக்கொள்வதாயின், எல்லாச் சாதனங்களையும் அதற்குள் தள்ளாதீர்கள். எந்தச் சாதனம் சுரங்கத்தின் வழியாகச் செல்ல வேண்டும், எது நேரே செல்ல வேண்டும் என்று பிரித்து வைக்கும் வசதி நல்ல ரவுட்டர்களில் உண்டு. வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசி நேரே செல்லட்டும்.

நமக்கு வேண்டிய கதவு

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். வீட்டில் கேமரா வைத்திருப்பவர்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், கணக்குப் பேரேடுகளை வீட்டுக் கணினியில் வைத்துவிட்டுப் பயணம் செல்லும் சிறு வணிகர்கள் ஆகியோருக்கு உண்மையில் பயன்படுவது இது.

வி.பி.என். இல்லாமல் கேமராவை வெளியிலிருந்து பார்க்க, பொருத்த வருபவர் வழக்கமாக ஒரு குறுக்குவழி செய்து கொடுப்பார்: ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, அதை நேரே கேமராப் பதிவுக் கருவிக்குத் திருப்பி விடுவது. வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் அந்தக் கதவு உங்களுக்கு மட்டும் அன்று, உலகுக்கே திறந்திருக்கிறது. 2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல் பரவியது இப்படித் திறந்து கிடந்த கேமராக்களிலும் பதிவுக் கருவிகளிலும் ரவுட்டர்களிலும்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து உள்ளே நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகளின் படை 'டின்' என்ற நிறுவனத்தின் மீது ஏவப்பட்டபோது, அமெரிக்காவில் புகழ்பெற்ற பல இணையதளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என் வீட்டில் திறந்திருந்தது.

வி.பி.என். முறைகளில் இன்று வீட்டுக்கு ஏற்றது 'வயர்கார்டு' என்பது என் கருத்து. ஜேசன் டொனன்ஃபெல்ட் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்பிலேயே இடம்பெற்றது. விரைவானது, அமைப்பதும் எளிது. முக்கியமாக, சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே சொல்லாது; தெருவில் செல்பவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. பழைய ரவுட்டராயின் 'ஓப்பன் வி.பி.என்.' இருக்கும், அதுவும் நம்பத் தக்கது, ஆனால் சிறிய ரவுட்டரின் செயலி அதில் திணறும். 'பி.பி.டி.பி.' மட்டுமே இருந்தால் அதைத் தொட வேண்டாம். 1990-களைச் சேர்ந்த அம்முறையின் பூட்டு 2012-லேயே உடைத்துக் காட்டப்பட்டுவிட்டது. இருந்தும் சில மலிவு ரவுட்டர்களின் பட்டியலில் அது இன்றும் முதலாவதாக நிற்கிறது.

இணையச் சேவை நிறுவனம் தரும் ஃபைபர் பெட்டியில் இந்த வசதி பெரும்பாலும் இராது. அப்பெட்டிக்குப் பின்னால் நமக்கென ஒரு ரவுட்டர் வைக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் பெட்டியின் மேல் 'வி.பி.என்.' என்று மட்டும் பார்க்காமல், 'வயர்கார்டு சர்வர்' உண்டா என்று கேளுங்கள். எந்த நிறுவனம் என்று சொல்வது இவ்விதழின் வழக்கமன்று.

அமைப்பதற்கு முன்

பூட்டுவதற்கு முன் கதவின் கீல் உறுதியா என்று பார்க்க வேண்டும். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இட்டால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். சரியான எண் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபை கடவுச்சொல் அன்று; இரண்டும் வேறு. மென்பொருளைப் புதுப்பியுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும், பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும் நிறுத்துங்கள். மேற்சொன்ன போர்ட் திறப்புகள் இருந்தால் நீக்குங்கள். 2018-இல் 'வி.பி.என். ஃபில்டர்' என்ற தீநிரல் (பெயரில்தான் வி.பி.என்., சம்பந்தம் வேறில்லை) 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் குடியேறியிருந்தது. ரவுட்டரே பிறர் கைக்குப் போனபின் அதற்குள் அமைக்கும் சுரங்கத்தால் பயனில்லை.

அடுத்து, பலர் இடறி விழும் இடம். நம் வீட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமானால், வீட்டுக்கென ஒரு பொது முகவரி வேண்டும். இந்தியாவில் பல இணைப்புகளுக்கு அது இல்லை. பழைய வகை முகவரிகள் பற்றாமற்போனதால், நிறுவனங்கள் ஒரு பொது முகவரியின் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கதவெண் ஒன்றே இருந்து, உள்ளே வீடுகளுக்கு எண் இல்லாததுபோல. தபால் வெளியே போகும். உள்ளே வருவது எந்த வீட்டுக்கு என்று தெரியாது.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' அல்லது 'இன்டர்நெட்' முகவரி என்று ஓர் எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால், நீங்கள் பகிர்ந்த முகவரியின் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று தொடங்கினால் ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டராக நடுவில் நிற்கிறது என்று பொருள். அதைப் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றித் தருமாறு நிறுவனத்திடம் கேட்கலாம். பகிர்ந்த முகவரியாயின், கூடுதல் கட்டணத்தில் நிலையான முகவரி கேட்டுப் பெற வேண்டும். ஐ.பி.வி.6 முகவரி வீட்டுக்கு வருமாயின் அதுவும் ஒரு வழி. நம் நாட்டுக் கைப்பேசி இணைப்புகளில் ஐ.பி.வி.6 பரவலாக இருப்பதால் இரண்டும் நேரே சந்தித்துக்கொள்ளும். எனக்கு நிலையான முகவரி கிடைக்கப் பத்து நாட்களும் நான்கு தொலைபேசி அழைப்புகளும் ஆயின.

பொது முகவரி உண்டு, ஆனால் அவ்வப்போது மாறுகிறது என்றால் கவலையில்லை. 'டி.டி.என்.எஸ்.' என்ற வசதி, மாறும் எண்ணுக்கு மாறாத ஒரு பெயரைக் கொடுக்கும்.

இன்னொரு சிறு விஷயம்; என் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. செம்பூர் வீட்டு ரவுட்டரும் நாக்பூர் குடியிருப்பின் ரவுட்டரும் உள்முகவரிகளை 192.168.1 என்ற ஒரே வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தன. சுரங்கம் திறந்தது, கேமரா மட்டும் வரவில்லை. கேமராவின் முகவரியைக் கேட்டால் என் கைப்பேசி அதை நாக்பூர் அறையிலேயே தேடிக்கொண்டிருந்தது. வீட்டு ரவுட்டரில் உள்முகவரி வரிசையை 192.168.57 என்பதுபோல எவரும் வைக்காத எண்ணுக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

சாவிகள்

வி.பி.என். சர்வர் பகுதியில் வயர்கார்டைத் தேர்ந்து இயக்கியவுடன், ரவுட்டர் தனக்கென ஒரு சாவி இணையை உருவாக்கிக்கொள்ளும்: ஒன்று பொதுச்சாவி, மற்றது தனிச்சாவி. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இது புதிதன்று. பொதுச்சாவி கணக்கு எண் போன்றது. எவரிடமும் தரலாம், அதை வைத்து உங்களுக்குப் பணம் போடத்தான் முடியும். தனிச்சாவி கையொப்பம் போன்றது. அது கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. போர்ட் எண் 51820 என்று இருக்கும், அப்படியே விடலாம்.

பின்னர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பதிவு சேர்க்க வேண்டும். என் கைப்பேசிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று, தம்பியின் கைப்பேசிக்கு ஒன்று. ஒரே பதிவை இரண்டு பேர் பகிரக் கூடாது. இணைப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், ஒரு கைப்பேசி தொலைந்தால் அதன் பதிவை மட்டும் நீக்க முடிய வேண்டும். பதிவு சேர்த்தவுடன் திரையில் ஒரு கியூஆர் குறி தோன்றும். கைப்பேசியில் வயர்கார்டு செயலியை நிறுவி அதை வாசித்தால் வேலை முடிந்தது. அந்தக் குறிக்குள் பெரும்பாலும் தனிச்சாவியே அடங்கியிருக்கிறது. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை அனுப்புவதற்கு ஒப்பாகும். தம்பிக்கு நான் அப்படித்தான் அனுப்பினேன். பிறகு அப்பதிவை நீக்கிவிட்டு, அவன் செம்பூர் வந்தபோது புதிதாகச் சேர்த்தேன்.

செயலியில் 'அனுமதிக்கப்பட்ட முகவரிகள்' என்று ஒரு வரி வரும். அங்கே 192.168.57.0/24 என்று வீட்டு வரிசையை மட்டும் இட்டால், கேமரா முதலிய வீட்டுப் பொருள்கள் மட்டும் சுரங்கத்தில் வரும். மற்றவை வழக்கம்போல் நேரே செல்லும். 0.0.0.0/0 என்று இட்டால் அனைத்தும் வீடு வழியாகச் செல்லும். விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களின் வைஃபையில் இது உதவும்; வங்கிக்கு நீங்கள் வழக்கமான வீட்டு முகவரியிலிருந்தே வருவதாகத் தெரியும். ஆனால் ஐ.பி.வி.6 போக்கு இதில் அடங்காமல் நழுவக் கூடும் என்பதால் அதற்குரிய ::/0 என்பதையும் சேர்த்து இடவும். நான் இரண்டு பதிவுகள் வைத்திருக்கிறேன்: அன்றாடத்துக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று.

சோதிக்கும்போது கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடி கேமரா தெரிகிறது என்று மகிழ்ந்தவர்கள் பலர், அது வி.பி.என். இல்லாமலும் தெரியும். வெளியிலிருந்து படம் தயங்கித் தயங்கி வந்தால் வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். அங்கே கேமராவின் படம் வீட்டை விட்டு வெளியேறும் வேகமே கணக்கு. மின்தடை நேரும் பகுதியாயின், ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துச் சிறிய யு.பி.எஸ். ஒன்று தேவைப்படும்.

இது எதைத் தடுக்காது

தந்தையாருக்கு இப்போது வரும் தொல்லைகள் வேறு. 'உங்கள் கணக்கு முடக்கப்படும், இந்தச் சுட்டியை அழுத்தவும்' என்ற குறுஞ்செய்திகள். வி.பி.என். இவற்றைத் தடுக்காது; பொய்யான தளத்துக்கும் அது உங்களைப் பத்திரமாகவே கொண்டு சேர்க்கும். தளத்தின் முகவரியைப் படிக்கும் பழக்கம்தான் இங்கே உதவும். ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டின்படி வங்கிகள் தம் இணையதளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அம்முகவரிகள் வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. அதுவே முகவரியின் முடிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் எங்கோ 'பேங்க்' என்ற சொல் இருப்பது போதாது.

கைப்பேசி தொலைந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, செம்பூர் வீட்டில் ரவுட்டர் இருக்கும் அலமாரியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். முதலில் வங்கியை அழைத்து இணைய வங்கிச் சேவையையும் யுபிஐயையும் நிறுத்துவது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார். சிம் அட்டையை முடக்குவது. அதன்பின் ரவுட்டரில் அக்கைப்பேசியின் வயர்கார்டு பதிவை நீக்குவது. கீழே, ரவுட்டரில் வி.பி.என். எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்று மூன்று வரிகள். ஜூலை 31 அன்று தந்தையாருக்கு அந்த மூன்று வரிகள் தெரிந்திருந்தால் ஆட்டோ பிடித்திருக்க வேண்டியதில்லை.